கேளுங்கள், சொல்கிறேன்: ஓவனில் மொறுமொறு பீஃப் டக்கீட்டோ

போன இதழில் ஓவனில் சுடும் பீஃப் டக்கீட்டோ பற்றிச் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தேன். மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய ரொட்டியான டார்ட்டியாவுக்குள் உதிர்த்த மாட்டிறைச்சியை வைத்து, விரல் பருமனுக்குச் சுருட்டி, கரகரவென்று ஆகும்வரை சுடுகிற மெக்சிகோக்காரர்களின் பலகாரம் அது. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நிறைய வீடுகளில் ட்ரேயோடு மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் இந்த முறை வேறு கேள்வியே எடுக்கவில்லை. பல வருடம் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிச் சமையலறையில் மெக்சிகோவின் ஹலிஸ்கோ, சாகடேகாஸ் மாநிலங்களிலிருந்து வந்த பெண்களோடு நின்று வேலை பார்த்தவள் நான். இங்கே சொல்வதெல்லாம் அவர்கள் கையைப் பார்த்துக் கற்றதுதான்.

டாலஸ் வாசகி: அம்மா, கடையில் வாங்கிய மக்காச்சோள டார்ட்டியாவைச் சுருட்ட ஆரம்பித்ததுமே விரிசல் விட்டுப் பிளந்துவிடுகிறது. பாக்கெட்டில் பாதி வீணாகிவிட்டது. சப்பாத்தி வளைகிற மாதிரி இது ஏன் வளைய மாட்டேன் என்கிறது?

சப்பாத்தியில் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இழுத்தால் இழுபடும், மடித்தால் மடியும். மக்காச்சோளத்தில் அது கிடையாது. அந்த டார்ட்டியாவைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெந்த மாவுச்சத்தும் அதிலுள்ள ஈரமும்தான். சுட்டு ஆறியதும் மாவுச்சத்து இறுக ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். நீங்கள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சுருட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிளக்கத்தான் செய்யும். ஆனால் மறுபடி சூடு காட்டினால் அதே மாவுச்சத்து இளகிக் கொடுக்கும். அந்த இளக்கம் இருக்கும்போதே சுருட்டி முடித்துவிட வேண்டும்.

எங்கள் சமையலறையில் இருந்த ஹலிஸ்கோ அம்மா செய்கிற விதம் இது. டார்ட்டியாவின் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, ஒரு பக்கத்துக்கு 15, 20 விநாடி போடுங்கள். ஓரம் லேசாக எழும்பும், நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். நுனியைப் பிடித்துத் தூக்கினால் துணி மாதிரி துவண்டு தொங்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் ஈரம் போய் விறைத்துக்கொள்ளும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுத்தமான துணியால் மூடி வையுங்கள். அடுக்குக்குள் இருக்கும் ஆவியே அவற்றை மிருதுவாக வைத்திருக்கும். அவசரம் என்றால் ஈரமான காகிதத் துவாலையில் சுற்றி மைக்ரோவேவில் ஒரு நிமிடம் காட்டினாலும் சரிதான். ஆனால் சுருட்டும் முன் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். சுருட்டிய பிறகு மேலே மட்டும் தெளித்தால் உள் மடிப்பு வரை எண்ணெய் போகாது. மடிப்புக்குள் மாவு வாசனையோடு வெளுத்த பட்டை ஒன்று தங்கிவிடும்.

வாங்கும்போது 6 அங்குல அகலத்தில், கொஞ்சம் மெல்லிசாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். கையால் தட்டியது போலத் தடிமனாக வருகிற வகைகள், சுருட்டாமல் மடித்துச் சாப்பிடும் டாக்கோவுக்கு அருமையாக இருக்கும். சுருட்டினால் வெளிப்புறம் வெடிக்கும்.

அப்புறம் சுருட்டும் விதம். இறைச்சியைப் பரப்பக் கூடாது. உங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி அளவை நேர்கோடாக வையுங்கள். ஓரத்தை அதன்மேல் மடித்து, விரல்களால் உங்கள் பக்கமாக ஓர் இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு, அதன் பிறகு முன்பக்கமாக உருட்டுங்கள். அந்த ஓர் இழுப்பு இல்லாவிட்டால் உள்ளே காலி இடம் விழும், சுடும்போது குழல் அவிழும். முனை அடியில் போகும்படி ட்ரேயில் வையுங்கள். அடுத்ததை வைக்கும்வரை ஒரு கரண்டியை அதன்மேல் சாய்த்து வைத்தால் போதும். பல்குச்சி குத்த வேண்டாம். குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் குச்சியே வேண்டாம் என்பேன்.

ஃப்ரீமான்ட் வாசகர்: ஓவனிலிருந்து எடுத்ததும் மொறுமொறுவென்று இருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் நமத்துப் போகிறது. 450 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏற்றிப் பார்த்தேன், முனைகள் கருகி நடுப்பகுதி பொதபொதவென்றுதான் இருந்தது. என் ஓவனில் கோளாறா?

ஓவனை மாற்றிவிடாதீர்கள். உங்கள் இறைச்சியில்தான் ஈரம் அதிகம்.

எண்ணெயில் பொரிக்கும்போது 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ந்த எண்ணெய் நான்கு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. டார்ட்டியாவிலுள்ள தண்ணீர் குமிழி குமிழியாகக் கொதித்து வெளியே ஓடிவிடும். ஓவனில் அந்த வேலையைச் சூடான காற்று செய்ய வேண்டும், காற்று நிதானமாகத்தான் செய்யும். நீங்கள் குழம்போடு சேர்த்து இறைச்சியை உள்ளே வைத்தால், வெளிப்பக்கம் காயக் காய உள்ளிருந்து ஆவி வந்து அதை நனைத்துக்கொண்டே இருக்கும். வெளியே எடுத்த பிறகும் அது நிற்காது. ஆகவே ஓவனில் சுடுகிறவர்கள் பொரிக்கிறவர்களைவிட இறைச்சியை நன்றாக உலர்த்தியாக வேண்டும். என்னைக் கேட்டால் ஓவன் டக்கீட்டோவின் வெற்றி தோல்வியெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பலரும் எண்ணெயைக் கூட்டிப் பார்க்கிறார்கள், சூட்டைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இறைச்சிச் சட்டியைக் கவனிப்பதே இல்லை.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். 24 டக்கீட்டோவுக்கு இரண்டரைப் பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், சக் ரோஸ்ட் வாங்குங்கள். மாட்டின் தோள்பகுதி. நன்றாக உழைத்த தசை என்பதால் இணைப்புத் திசு நிறைய இருக்கும். மெதுவாக வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாகி, இறைச்சி நாராக உதிரும். விலை உயர்ந்த டெண்டர்லாய்ன் இதற்கு உதவாது. அதில் கரைவதற்கு ஒன்றும் இல்லை, வறண்டுதான் போகும். பிரிஸ்கெட் (நெஞ்சுப்பகுதி), ஃப்ளாங்க் (வயிற்றுப்பகுதி) இரண்டும் நன்றாக வரும். ஃப்ளாங்க்கில் நார் நீளம், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இறைச்சியை நான்கைந்து பெரிய துண்டாக்கி, இரண்டு தேக்கரண்டி உப்பு தேய்த்து, முடிந்தால் முந்தின நாளே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேல்ஈரத்தைத் துடைத்துவிட்டு, கனமான பாத்திரத்தில் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க விடுங்கள். இதற்கிடையில் மூன்று ஆஞ்சோ மிளகாய், இரண்டு குவாஹியோ மிளகாயை விதை நீக்கி, கல்லில் லேசாக வாட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வைத்து அரையுங்கள். ஆஞ்சோ என்பது காய்ந்த பொப்லானோ மிளகாய். காரம் குறைவு, உலர்ந்த திராட்சையின் இனிப்பு வாசம் வரும். அந்த விழுதோடு ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வறுத்த சீரகம், ஒரு தேக்கரண்டி மெக்சிகன் ஓரிகானோ, ஒரு பிரிஞ்சி இலை, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர். மூடி, 300 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம். இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சார பிரஷர் குக்கர் என்றால் ஒரு மணி நேரம் வேக விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் பிரிய வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, அது 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இறைச்சியை எடுத்து, நாருக்குக் குறுக்கே ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டிவிட்டுப் பிறகு உதிர்த்துவிடுங்கள். ஃப்ளாங்க்குக்கு இது கட்டாயம். நீள நாரை அப்படியே விட்டால், முதல் கடியிலேயே உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும், கையில் வெறும் குழல்தான் மிஞ்சும்.

பாத்திரத்தில் இருக்கும் சாற்றின்மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துத் தனியாக வையுங்கள். சாற்றைக் கொதிக்க வைத்துப் பாதிக்கும் கீழே சுண்ட விடுங்கள். அகலமான இருப்புச் சட்டியில் அந்தக் கொழுப்பையே இரண்டு கரண்டி விட்டு, உதிர்த்த இறைச்சியைப் போட்டு, சுண்டிய சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிப் பிரட்டுங்கள். முதலில் சலசலவென்று கொதிக்கிற சத்தம் கேட்கும். ஈரம் வற்ற வற்ற அந்தச் சத்தம் அடங்கி, கொழுப்பு பொரிகிற மெல்லிய சத்தமாக மாறும். நார்களின் நுனி அங்கங்கே சிவக்கும். நம்மூர்ச் சுக்கா வறுவல் இறக்குகிற பதம்தான், மிளகுத்தூள் மட்டும் இல்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத் துவாலையில் வைத்து அழுத்திப் பாருங்கள். எண்ணெய்க்கறை படலாம், தண்ணீர் விரிந்து பரவக் கூடாது. உப்பையும் இப்போதே சரிபாருங்கள். டார்ட்டியாவில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது, அதனால் இறைச்சி தனியாகச் சாப்பிட ஒரு துளி கூடுதலாகத் தெரிந்தால்தான் சேர்ந்து சாப்பிடும்போது சரியாக இருக்கும். பிறகு ஒரு தட்டில் பரப்பி ஆற விடுங்கள். சூடாக வைத்துச் சுருட்டினால் ஆவி மறுபடியும் உள்ளேயே அடைபடும்.

இனி ஓவன் சுலபம். 425 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 220. ஓவனோடு ட்ரேயும் உள்ளே சேர்ந்து சூடேறட்டும். சூடான ட்ரேயில் வைத்தால் அடிப்பக்கம் அப்போதே பிடித்துக்கொள்ளும், மடிப்பு அவிழாது. ஒன்றுக்கொன்று ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். 10 நிமிடம் கழித்துப் புரட்டி, இன்னும் 6 முதல் 8 நிமிடம். விசிறி உள்ள ஓவனானால் 400 போதும். எடுத்ததும் கம்பி வலையில் வையுங்கள். தட்டில் வைத்தால் அடியில் வேர்க்கும். ஃபாயில் போட்டு மூடினால் மொத்தமும் வேர்க்கும். அந்த ஐந்து நிமிட நமத்தலில் பாதி இதனாலேயே வந்திருக்கலாம்.

ஹூஸ்டன் வாசகி: மூன்று மணி நேரம் நிற்க வேலைநாளில் நேரம் இல்லை. கீமா மாதிரி அரைத்த பீஃப் போதாதா?

தாராளமாகச் செய்யலாம். 85 பங்கு இறைச்சிக்கு 15 பங்கு கொழுப்பு என்ற விகிதத்தில் வாங்குங்கள். அகலச் சட்டியில் போட்டு முதல் ஐந்து நிமிடம் கிளறவே வேண்டாம். கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் விட்டு வேகும், சிவக்காது. அரைத்த இறைச்சி உள்ளே 160 டிகிரி, அதாவது 71 செல்சியஸ் தொட்டாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுத் துண்டின் மேற்புறத்தில் இருக்கிற கிருமி, அரைக்கும்போது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது. கொழுப்பை வடித்துவிட்டு, இரண்டு கரண்டி மசித்த பின்டோ பீன்ஸ் கலந்தால் உதிராமல் நிற்கும். துருவிய மான்டெரே ஜாக் சீஸும் அந்த வேலையைச் செய்யும், ஒரு டக்கீட்டோவுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சீஸ் முனை வழியாக வழிந்து ட்ரேயில் கருகுகிற வீடுகளில் எல்லாம் சீஸ் அளவுதான் காரணம்.

டொராண்டோ வாசகர்: எங்கள் வீட்டில் கோதுமை டார்ட்டியாதான் எப்போதும் இருக்கும். அதில் செய்தால் தப்பா?

தப்பில்லை. அமெரிக்காவில் பல கடைகளில் கோதுமையில் நீளமாகச் சுருட்டினால் ஃப்ளௌட்டா, மக்காச்சோளத்தில் குட்டையாகச் சுருட்டினால் டக்கீட்டோ என்று எழுதியிருப்பார்கள். மெக்சிகோவில் ஊருக்கு ஊர் மாறும், பல இடங்களில் எல்லாமே தாக்கோஸ் தொராதோஸ், அதாவது பொன்னிறமாகப் பொரித்த டாக்கோதான். கோதுமை டார்ட்டியாவில் கொழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. சூடாக்காமலே வளையும், 400 டிகிரியிலேயே அழகாகச் சிவக்கும். ஆனால் அது படலம் படலமாக நொறுங்கும், கடக்கென்று உடையாது. மக்காச்சோளத்தின் வறுத்த வாசமும் வராது. எனக்கு அந்த வாசம்தான் இந்தப் பலகாரமே.

அட்லாண்டா வாசகி: கரம் மசாலா, இஞ்சிப் பூண்டு விழுது, கறிவேப்பிலை போட்டால் நம் ருசிக்கு வருமே?

வரும். உங்கள் வீடு, உங்கள் வாய். ஆனால் ஒரு முறையாவது அவர்கள் ருசியிலேயே செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிளகாய் அவர்கள் மண்ணிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. சீரகம் ஸ்பானியர் வழியாக அவர்களுக்குப் போனது. இரண்டும் ஏற்கெனவே அந்தச் சட்டியில் இருக்கின்றன. பட்டை கிராம்பைத் தூக்கலாகப் போட்டால் முதலில் அடிபடுவது ஆஞ்சோ மிளகாயின் வாசம்தான். அதன்பிறகு ஆஞ்சோ வாங்கிய காசு வீண். ஓரிகானோவையும் பார்த்து வாங்குங்கள். பீட்ஸாவுக்குத் தூவுகிற ஓரிகானோ புதினா குடும்பம்; மெக்சிகன் ஓரிகானோ நம்மூர் உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி. வாசம் அழுத்தமாக, லேசான எலுமிச்சைத் தன்மையோடு இருக்கும்.

சான் டியாகோ வாசகர்: அம்மா, என் நண்பர் ஒருவர், "பொரித்தால்தான் டக்கீட்டோ, ஓவனில் வைப்பது ஏமாற்று" என்கிறார். எங்கே பிறந்தது இது? கடைகளில் மேலே ஊற்றித் தருகிற அந்தப் பச்சைச் சாறு என்ன?

நீங்கள் இருப்பதே இந்தக் கதையின் ஓர் ஊரில். டார்ட்டியாவைச் சுருட்டிப் பொரிப்பது மெக்சிகோவில் பல இடங்களிலும் உள்ள பழக்கம், ஒரு வீட்டையோ ஒரு கடையையோ காட்டி இங்கேதான் பிறந்தது என்று சொல்ல முடியாது. இங்கே தெற்குக் கலிஃபோர்னியாவில் அதைப் பிரபலமாக்கியதில் இரண்டு கடைகளின் பெயர் எப்போதும் வரும். ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் ஒல்வேரா தெருவில் இருக்கும் சியெலீட்டோ லிண்டோ. சாகடேகாஸிலிருந்து வந்த ஆரோரா குரேரோ என்ற பெண் 1934இல் தொடங்கியது. உதிர்த்த பீஃப் டக்கீட்டோவும் அதன்மேல் தண்ணீராக ஊற்றும் அவகாடோ சாறும்தான் அந்தச் சின்னக் கடையின் அடையாளம். இன்னொன்று உங்கள் ஊர் எல் இந்தியோ. ரால்ஃப் பெஸ்கேரா 1940இல் டார்ட்டியா கடையாகத் தொடங்கினார். போர்க்காலத்தில் பக்கத்து விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் கையில் எடுத்துப்போய்ச் சாப்பிட ஏதாவது கேட்டார்கள், அப்படித்தான் டக்கீட்டோ வந்தது என்று அந்தக் கடையினர் சொல்வார்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொரித்ததில் ஓரங்களுக்குக் கிடைக்கிற கண்ணாடி உடைசல் ஓவனில் முழுதாக வராது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் 24 டக்கீட்டோவை ஓவனில் ஒரே தடவையில் சுட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஒருவர் மட்டும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, நான்கு நான்காகப் பொரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறினதைச் சாப்பிட வேண்டியதில்லை. அந்த ஒருவர் யார் என்று நம் வீடுகளில் கேட்கத் தேவையில்லை. எண்ணெயும் ஒரு டஜனுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குள் முடிந்துவிடும். ஏமாற்று என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

பச்சைச் சாறுக்கு: ஆறு டொமாட்டியோ வாங்குங்கள். தக்காளி அல்ல, காகிதம் மாதிரித் தோல் போர்த்திய பச்சைக் காய், நம்மூர் சொடக்குத் தக்காளியின் இனம். தோலை உரித்தால் மேலே பிசுபிசுவென்று இருக்கும், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஓர் ஹலப்பேன்யோ பச்சை மிளகாயோடு சேர்த்து ஆறேழு நிமிடம் கொதிக்க விடுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் காய் நிறத்துக்கு வந்ததும், வெடிக்கும் முன் இறக்கி, ஆறவிடுங்கள். பழுத்த அவகாடோ ஒன்று, ஒரு பல் பூண்டு, கால் வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லித் தழை, முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, தண்ணீர் விட்டுக் கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்துக்கு அரையுங்கள். டொமாட்டியோவின் புளிப்பு இருப்பதால் அவகாடோ சீக்கிரம் கறுக்காது. ஓவன் டக்கீட்டோவுக்கு இதை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். பொரித்தது சாற்றைத் தாங்கும், ஓவனில் சுட்டது தாங்காது.

சிகாகோ வாசகி: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கோழி?

கோழித் தொடைக்கறி. நெஞ்சுக்கறி வேண்டாம், உலர்த்தினால் சக்கையாகிவிடும். அரை மணி நேரம் வேக வைத்து உதிர்த்து, மேலே சொன்னபடியே சட்டியில் ஈரம் போகப் பிரட்டுங்கள். உருளைக்கிழங்கு மசியலும் நன்றாக இருக்கும், மெக்சிகோ வீடுகளில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அதுதான்.

சென்னை வாசகி: இங்கே மக்காச்சோள டார்ட்டியா சுலபத்தில் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் மக்காச்சோள மாவில் நானே தட்டிக்கொள்ளலாமா? என்னிடம் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருக்கிறது. இங்கே வாங்கும் கறியும் எவ்வளவு வேகவைத்தாலும் முறுக்காகவே இருக்கிறது.

அந்த மாவில் வராது. பஞ்சாபிகள் மக்கி ரொட்டி தட்டுகிற மாவு அது. சுடச்சுடத் தடிமனாகச் சாப்பிட நல்லது, மெல்லிசாக்கிச் சுருட்ட முடியாது. டார்ட்டியாவுக்கான மாவு வேறு முறையில் தயாராகிறது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேக வைத்து, இரவு முழுக்க ஊற விட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு, வெற்றிலைக்கு நாம் தடவுகிற அதே பொருள்தான். அது தோலைக் கரைத்து, தானியத்தை ஒட்டும் மாவாக்குகிறது. டார்ட்டியாவின் அந்தத் தனி வாசமும் சுண்ணாம்பினால்தான். இன்னொன்றும் செய்கிறது: மக்காச்சோளத்திலுள்ள நயாசின் என்ற வைட்டமினை நம் உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. வடஇத்தாலியிலும், பிறகு அமெரிக்கத் தென் மாநிலங்களிலும், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெல்லக்ரா நோயில் விழுந்தார்கள். மெக்சிகோவின் பாட்டிகள் பல தலைமுறைகளாகக் கையாண்ட அறிவு அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

வீட்டில் செய்ய ஆசை என்றால், ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். பாப்கார்ன் சோளம் வேண்டாம், அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். நாற்பது நிமிடம் மெல்லக் கொதித்ததும் அணைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் பலமுறை கழுவி, தண்ணீர் மிகக் குறைவாகத் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிரைண்டரில் அரையுங்கள். உருண்டை பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டையான தட்டால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் சுடுங்கள். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் இணையக் கடைகளில் மாசா மாவு என்று தேடுங்கள், சுண்ணாம்பு முறையில் தயாரான மாவு அது. மாசா என்ற சொல் இல்லாத மக்காச்சோள மாவை வாங்க வேண்டாம்.

கறி விஷயம்: தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எருமை அல்லது வயதான மாடு. கொழுப்பு குறைவு, நார் கெட்டி. தோள்கறியோ முன்கால் கறியோ கேட்டு வாங்கி, குக்கரில் முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து 45, 50 நிமிடம் விடுங்கள். விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள், திறந்து குத்திப் பாருங்கள். உதிரவில்லை என்றால் இன்னும் 15 நிமிடம். கொழுப்பு குறைந்த கறி என்பதால் சட்டியில் பிரட்டும்போது இரண்டு கரண்டி எண்ணெய் கூடுதலாக விடுங்கள். ஓடிஜியில் 220 செல்சியஸ், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். சின்ன அறை என்பதால் ஆவி தேங்கும். முதல் பத்து நிமிடத்தில் ஒரு தடவை கதவைத் திறந்து ஆவியை விடுங்கள். ஒரு ஈடுக்கு எட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

நியூஜெர்சி வாசகி: மகனின் பிறந்தநாளுக்கு ஐம்பது டக்கீட்டோ வேண்டும். முந்தின நாளே செய்து வைக்க முடியுமா? ஏர் ஃபிரையரும் இருக்கிறது.

முந்தின நாள் சுருட்டி ஃபிரிட்ஜில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். இரவு முழுக்க இறைச்சியின் ஈரம் டார்ட்டியாவுக்குள் ஏறிவிடும். இறைச்சியை இரண்டு நாள் முன்னாலேயே செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள், சுருட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால், ஒருவர் சூடாக்க, ஒருவர் சுருட்ட, ஒரு மணி நேரத்துக்குள் ஐம்பதும் முடியும்.

இல்லை, முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றால் ஃப்ரீஸர்தான் வழி. சுருட்டியதை ஓவனில் 10 நிமிடம் மட்டும், நிறம் வருவதற்கு முன் எடுத்து, முழுக்க ஆற வைத்து, ட்ரேயில் தனித்தனியாக உறைய விட்டு, பிறகு பையில் போடுங்கள். இரண்டு மாதம் வரை ருசி மாறாது. சுடும் நாளில் உருக வைக்காமல் உறைந்தபடியே 425 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். உருக விட்டால் அந்த நீர் டார்ட்டியாவுக்குத்தான் போகும்.

ஏர் ஃபிரையர் ஐம்பதுக்கு ஆகாது. எட்டு, பத்து டக்கீட்டோ மட்டும் செய்யும்போது 400 டிகிரியில் 8 நிமிடம், ஒரே அடுக்காக வைத்தால் ஓவனைவிட நன்றாகவே வரும். விருந்துக்கு இரண்டு ட்ரேயைச் சேர்த்து வைக்கிறீர்கள் என்றால் பாதி நேரத்தில் மேல் ட்ரேயைக் கீழேயும் கீழ் ட்ரேயை மேலேயும் மாற்றுங்கள். பிள்ளைகள் வர நேரமானால், சுட்டதைக் கம்பி வலையோடு 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில், கதவைக் கரண்டி வைத்து லேசாகத் திறந்தபடி அரை மணி நேரம் வைத்திருக்கலாம். பள்ளியில் மணி அடித்து முந்நூறு பிள்ளைகள் வரிசையில் வரும்வரை நாங்கள் அப்படித்தான் வைத்திருப்போம். பச்சைச் சாற்றைத் தனிக் கிண்ணங்களில் வையுங்கள். சின்னவர்களுக்கு ஹலப்பேன்யோ இல்லாமல் ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு மிளகாய் சேர்த்து அரையுங்கள்.